நார்மன் மெக்லாரன்

நார்மன் மெக்லாரன் (ஏப்ரல் 11, 1914 – சனவரி 27, 1987) ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் பணியாற்றிய அசைவூட்டப்பட இயக்குநர் ஆவார். பொதுவழக்கில் அனிமேசன் என்று அறியப்படும் அசைவூட்டக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். கேமராவைப் பயன்படுத்தாமல் படச்சுருளின் மீதே நேரடியாக வரைதல், ஒலியையும் பேனாவால் வரைந்து உருவாக்குதல், உயிருள்ள மனிதர்களைப் பொம்மைகளைப் போல் நகர்த்திப் படமெடுத்தல் ஆகிய நுட்பங்களை இவர் வளர்த்தெடுத்தார். தாம் கண்டறிந்த வழிமுறைகளைக் குறிப்புகளாக எழுதி எல்லோருக்கும் கிடைக்கச் செய்தமை இவரது மற்றொரு சிறப்பாகும். இவர் இயக்கிய அயலவர் (நெய்பர்ஸ், 1952) என்னும் எட்டு நிமிடப் படம் அகாதமி விருது (ஆஸ்கார் விருது) பெற்றது.

இன்று கணினியில் உருவாக்கப்படும் மோசன் கிராபிக்ஸ் என்னும் அசைவு வரைகலையின் அடிப்படைகள் பலவற்றை மெக்லாரனின் படங்களில் காணலாம். கோடுகள், புள்ளிகள், எண்கள், எழுத்துகள் ஆகியவற்றை இசைக்கேற்ப அசையவைக்கும் முயற்சிகளை அவர் 1930களிலேயே தொடங்கிவிட்டார்.

இளமையும் கல்வியும்

மெக்லாரன் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் பிறந்தார். அவரது தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசி உள்ளலங்காரம் செய்யும் தொழிலை நடத்தி வந்தார். மூன்று பிள்ளைகளுள் மெக்லாரனே இளையவர். 1932 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் சேர்ந்து உள்ளலங்கார வடிவமைப்பைப் பயின்றார்.

அக்காலத்தில் அவர் திரைப்படச் சங்கங்களின் வழியாக ஐரோப்பியப் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். உருசிய இயக்குநர்களான ஐசன்ஸ்டைன், புடோவ்கின் ஆகியோரின் படங்கள் அவரைக் கவர்ந்தன. செருமானியக் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கர், இசைத் தட்டில் ஒலிக்கும் இசைக்கேற்பக் கருப்புவெள்ளை வடிவங்களை அசையவைத்து எடுத்த குறும்படம் ஒன்று அவருள் ஆழமான தாக்கத்தை ஏற்படுத்தியது. இசையைக் கேட்கும்போது மனத்தில் தோன்றும் வடிவங்களைத் திரையில் காட்ட இயலும் என்பதை அப்படம் அவருக்கு உணர்த்தியது.

கேமரா இல்லாத தொடக்கம்

மாணவரான மெக்லாரனிடம் தொடக்கத்தில் கேமரா இல்லை. படம் காட்டும் கருவி ஒன்று மட்டும் பள்ளியில் இருந்தது. எனவே அவர் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட 35 மி.மீ படச்சுருள் ஒன்றைப் பெற்று, அதன் மீதிருந்த ஒளிப்படப் பூச்சைக் கழுவி நீக்கினார். ஒளி ஊடுருவும் வெறும் சுருள் கிடைத்ததும் அதன் மீது வண்ண மைகளால் வரைந்து, கருவியில் ஓட்டிப் பார்த்தார். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித்தந்த நுட்பத்தின் தொடக்கம் இதுவே.

பின்னர்க் கேமரா கிடைத்தபோது, பள்ளியின் ஒரு நாள் நிகழ்வுகளைக் காட்டும் ஏழு முதல் ஐந்து வரை (1933) என்னும் படத்தையும், கேமரா மேக்ஸ் ஹூப்பி (1935) என்னும் படத்தையும் எடுத்தார். சிற்பக் கலைஞர் ஹெலன் பிகருடன் இணைந்து ஹெல் அன்லிமிடெட் (1936) என்ற படத்தை உருவாக்கினார். ஆயுத வணிகத்தையும் போரையும் கடுமையாக எதிர்த்த படம் அது. இவரது படங்கள் ஸ்காட்லாந்துப் பயில்நிலைத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது, ஆவணப்பட இயக்கத்தின் தலைவராகக் கருதப்படும் ஜான் கிரியர்சன் நடுவராக இருந்தார். மெக்லாரனின் திறமையைக் கண்ட கிரியர்சன், இலண்டனில் தாம் நடத்திவந்த அஞ்சல்துறைத் திரைப்படப் பிரிவில் அவருக்கு வேலை அளிக்க முன்வந்தார்.

எசுப்பானியப் போரும் இலண்டன் பணியும்

1936 ஆம் ஆண்டில் எசுப்பானியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஐவர் மாண்டேகு இயக்கிய மாட்ரிட்டின் பாதுகாப்பு என்னும் ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவாளராக மெக்லாரன் அங்குச் சென்றார். குண்டுவீச்சுக்கு உள்ளான நகரையும் மக்களின் துயரையும் நேரில் கண்டார். இந்த அனுபவம் அவரது போர் எதிர்ப்புணர்வை வாழ்நாள் முழுவதும் நீடிக்கச் செய்தது.

இலண்டன் திரும்பிய பின் 1939 வரை அஞ்சல்துறைத் திரைப்படப் பிரிவில் பணியாற்றினார். அங்கு அவர் எடுத்த காதல் சிறகு (லவ் ஆன் தி விங், 1938) வான்வழி அஞ்சல் சேவைக்கான விளம்பரப் படமாகும். அதில் உருவங்கள் படச்சுருளிலேயே மையால் வரையப்பட்டன. ஒரு கடிதம் மனிதனாகவும், மனிதன் வேறொரு பொருளாகவும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதை அப்படம் காட்டுகிறது. அதிலுள்ள சில காட்சிகள் தகாதவை எனக் கருதிய அஞ்சல்துறை அமைச்சர் அதன் வெளியீட்டைத் தடுத்துவிட்டார்.

இக்காலத்தில், 1937 ஆம் ஆண்டில், மெக்லாரன் கய் குளோவரைச் சந்தித்தார். பின்னாளில் கனடாவில் திரைப்படத் தயாரிப்பாளராக விளங்கிய குளோவர், மெக்லாரனின் இறுதிக்காலம் வரை அவரது வாழ்க்கைத் துணையாக இருந்தார்.

நியூயார்க்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 ஆம் ஆண்டில் மெக்லாரன் அமெரிக்காவுக்குச் சென்றார். நியூயார்க்கில் அவருக்கு நிலையான வருமானம் இல்லை. பிற்காலத்தில் குகன்ஹைம் அருங்காட்சியகம் எனப் பெயர் பெற்ற நிறுவனத்திற்காகப் புள்ளிகள் (டாட்ஸ், 1940), வளையங்கள் (லூப்ஸ், 1940) முதலிய சிறு படங்களைச் செய்து கொடுத்தார். இசைக் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுக்கப் பணம் இல்லாத நிலையில், படத்தை வரைந்த பேனாவாலேயே ஒலியையும் வரைந்தார். கேமரா இன்மை நேரடி வரைதலுக்கு வழிவகுத்ததைப் போலவே, பண இன்மை வரையப்பட்ட ஒலிக்கு வழிவகுத்தது எனலாம். மேரி எல்லன் பியூட் என்னும் அமெரிக்க இயக்குநருடன் ஸ்பூக் ஸ்போர்ட் (1940) படத்திலும் அவர் பணியாற்றினார்.

கனடா தேசியத் திரைப்பட வாரியம்

கனடா தேசியத் திரைப்பட வாரியம் 1939 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதல் ஆணையராகப் பொறுப்பேற்ற கிரியர்சன், 1941 ஆம் ஆண்டில் மெக்லாரனை ஒட்டாவாவுக்கு அழைத்தார். அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மெக்லாரன் அவ்வாரியத்திலேயே பணியாற்றினார்.

போர்க்காலத்தில் அவர் செய்த படங்கள் பெரும்பாலும் சேமிப்புப் பத்திரங்களை வாங்குமாறும், அஞ்சல்களை முன்கூட்டியே அனுப்புமாறும் மக்களைக் கேட்டுக்கொள்ளும் சிறு படங்கள் ஆகும். கோழியின் துள்ளல் (ஹென் ஹாப், 1942), டாலர் நடனம் (டாலர் டான்ஸ், 1943) ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

வாரியத்தில் அசைவூட்டப் பிரிவு ஒன்றை அமைக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜார்ஜ் டன்னிங், ரெனே சொடுவான், கிராண்ட் மன்ரோ, ஈவ்லின் லாம்பார்ட் முதலிய இளைஞர்கள் அதில் சேர்ந்தனர். தம்மைப் போலவே அவர்களும் செய்ய வேண்டும் என்று மெக்லாரன் வற்புறுத்தவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய வழியைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது. டன்னிங் பிற்காலத்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்களைக் கொண்ட மஞ்சள் நீர்மூழ்கி (யெல்லோ சப்மரீன், 1968) என்னும் முழுநீளப் படத்தை இயக்கினார். சொடுவான் 1966 ஆம் ஆண்டில் வாரியத்தின் பிரெஞ்சு அசைவூட்டப் பிரிவைத் தொடங்கினார். கேட்கும் திறன் குறைந்தவரான ஈவ்லின் லாம்பார்ட், மெக்லாரனின் பல படங்களில் இணை இயக்குநராகப் பணியாற்றியதோடு தனியாகவும் படங்களை இயக்கினார்.

கருவிகளும் நுட்பங்களும்

படச்சுருளில் வரைதல்

திரைப்படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 படச்சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. ஒரு நிமிடத்திற்கு 1,440 சட்டங்கள் தேவை. 35 மி.மீ சுருளில் ஒரு சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 22 மி.மீ மட்டுமே. அதனை 6.6 மீட்டர் அகலமுள்ள திரையில் காட்டினால் 300 மடங்கு பெரிதாகும். ஆகவே வரையும்போது கை அரை மில்லிமீட்டர் பிசகினால் திரையில் உருவம் 15 சென்டிமீட்டர் தாவும்.

இச்சிக்கலைத் தீர்க்க மெக்லாரன் வரைபலகை ஒன்றை அமைத்துக்கொண்டார். சுருளின் ஓரத்துளைகளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு சட்டமாக நகர்த்தும் அமைப்பு அதில் இருந்தது. முந்தைய சட்டத்தில் வரைந்த உருவம், அடுத்து வரையவேண்டிய சட்டத்தின் மீது தெரியுமாறு கண்ணாடி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. இன்றைய கணினி மென்பொருள்களில் முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் வசதி செய்யும் வேலையும் இதுவேயாகும்.

இருந்தபோதிலும் கையால் வரைந்த கோட்டில் சிறு நடுக்கம் எஞ்சியே இருந்தது. மெக்லாரன் அதனை மறைக்க முயலாமல், எளிய உருவங்களையும் வெறுமையான பின்னணியையும் தேர்ந்தெடுத்து, அந்நடுக்கத்தையே உருவங்களின் துடிப்பாக மாற்றிக்கொண்டார்.

சட்ட எல்லைகளைப் பொருட்படுத்தாமல் சுருளின் நீளத்திற்கு வண்ணம் பூசும் முறையையும் அவர் கையாண்டார். ஈவ்லின் லாம்பார்ட்டுடன் இணைந்து செய்த சோர்வே அகல்க (பிகான் டல் கேர், 1949) இம்முறையின் உச்சமாகக் கருதப்படுகிறது. ஆஸ்கர் பீட்டர்சன் மூவர் குழுவின் ஜாஸ் இசை முதலில் பதிவுசெய்யப்பட்டது. அதன் பின்னர் சுருளின் இருபுறமும் வண்ணம் பூசியும், துணியின் நெசவை அழுத்திப் பதித்தும், கூரிய முனையால் கீறியும் இசைக்கேற்பக் காட்சிகள் உருவாக்கப்பட்டன. இசை மெதுவாகும் இடைப்பகுதியில் கரிய பின்னணியில் சில மெல்லிய கோடுகள் மட்டுமே அசைகின்றன.

சிமிட்டல் (பிளிங்கிட்டி பிளாங்க், 1955) என்னும் படத்தில் இதற்கு எதிரான முறை பின்பற்றப்பட்டது. கரிய சுருளில் ஆங்காங்கே சில சட்டங்களில் மட்டும் உருவங்கள் கீறப்பட்டு, இடையிலுள்ள சட்டங்கள் வெறுமையாக விடப்பட்டன. பார்ப்பவரின் கண் ஒரு கணம் தோன்றி மறையும் உருவத்தை நினைவில் வைத்து, இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

வரையப்பட்ட ஒலி

அக்காலத் திரைப்படச் சுருளில் படங்களின் ஓரமாக ஒலித்தடம் என்னும் குறுகிய பட்டை இருந்தது. அதன் வழியே செல்லும் ஒளி கூடிக் குறைவதை மின் அலைகளாக மாற்றி, ஒலிபெருக்கி ஒலியாக்கும். எனவே அப்பட்டையில் எதை வரைந்தாலும் அது ஏதேனும் ஓர் ஒலியைத் தரும். இதனைப் பயன்படுத்தி ஒலியை உருவாக்கும் முயற்சிகள் 1930களின் தொடக்கத்தில் செருமனியில் நடந்துள்ளன. மூனிக் நகரைச் சேர்ந்த உருடால்ஃப் ஃபெனிங்கரின் ஆய்வு மெக்லாரனுக்கு வழிகாட்டியது.

ஒலித்தடத்தில் கோடுகள் நெருக்கமாக இருந்தால் சுருதி உயரும். தொலைவாக இருந்தால் தாழும். கோடுகளின் அகலம் ஒலியின் வலிமையையும், அவற்றின் வடிவம் ஒலியின் தன்மையையும் தீர்மானிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு சட்டத்தின் நீளத்திற்குள் சம இடைவெளியில் 18 கோடுகள் வரையப்பட்டால், நொடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் 432 அதிர்வுகள் கிடைக்கும். கோடுகளை 36 ஆக இரட்டித்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

பின்னர் மெக்லாரன் ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய கோட்டமைப்பைத் தனித்தனி அட்டைகளில் வரைந்து, அவற்றைக் கேமராவால் ஒலித்தடத்தில் பதிவுசெய்யும் முறையை உருவாக்கினார். அயலவர் படத்தின் இசை இவ்வாறு உருவானதே. சின்குரோமி (1971) என்னும் படத்தில் ஒலித்தடத்தின் வடிவங்களையே வண்ணமூட்டித் திரையிலும் காட்டினார். அப்படத்தில் பார்வையாளர் கேட்பதும் காண்பதும் ஒன்றேயாகும்.

பிக்சிலேசன்

பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படமெடுப்பதைப் போல, மனிதர்களையும் நகர்த்திப் படமெடுக்கும் முறை பிக்சிலேசன் எனப்படுகிறது. இம்முறை திரைப்படத்தின் தொடக்கக் காலத்திலேயே இருந்ததாயினும், இதற்கு இப்பெயரைச் சூட்டியவர் மெக்லாரனின் நண்பர் கிராண்ட் மன்ரோ ஆவார். நடிகர் ஒவ்வொரு முறையும் குதித்து, உச்சியில் இருக்கும் கணத்தில் மட்டும் ஒரு சட்டம் பதிவுசெய்யப்பட்டால், திரையில் அவர் தரையைத் தொடாமல் காற்றில் வழுக்கிச் செல்வதாகத் தோன்றும்.

நாற்காலிக் கதை (எ சேரி டேல், 1957) இம்முறையில் அமைந்த மற்றொரு படம். தன் மீது அமரவிடாமல் விலகி ஓடும் நாற்காலியையும், அதனுடன் போராடிப் பின் அதன் மனத்தை அறிய முயலும் இளைஞனையும் பற்றியது அது. இளைஞனாக நடித்த கிளாடு யூத்ரா அப்படத்தின் இணை இயக்குநரும் ஆவார். சில காட்சிகளில் நாற்காலி மெல்லிய கயிறுகளால் இயக்கப்பட்டது. இப்படத்திற்குச் சித்தார் கலைஞர் ரவி சங்கரும் தபேலா கலைஞர் சதுர் லாலும் இசை வழங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

கோடுகளும் ஒளியியல் அச்சுப்பொறியும்

செங்குத்துக் கோடுகள் (லைன்ஸ் வெர்டிகல், 1960) படத்தில் ஒரே ஒரு கோடு தோன்றிப் பலவாகப் பிரிந்து, திரையின் குறுக்கே நகர்ந்து, மீண்டும் ஒன்றாகிறது. நீண்ட அளவுகோலைக் கொண்டு சுருளின் நீளத்திற்குக் கோடுகள் கீறப்பட்டன. ஆப்டிகல் பிரிண்டர் என்னும் ஒளியியல் அச்சுப்பொறியின் உதவியால் அதே கோடுகளை 90 பாகை திருப்பிக் கிடைக்கோடுகள் (லைன்ஸ் ஹரிசான்டல், 1962) உருவாக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றன் மீது ஒன்றாக வைத்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை மட்டும் எடுத்தபோது மொசைக் (1965) என்னும் மூன்றாவது படம் கிடைத்தது. ஒரே மூலப்பொருளிலிருந்து மூன்று வேறுபட்ட படங்கள் தோன்றியமை இவரது சிக்கனத்திற்குச் சான்றாகும்.

இருவர் நடனம் (பா தெ தூ, 1968) இவரது மிக அழகிய படமாகப் பலராலும் போற்றப்படுகிறது. மார்கரெட் மெர்சியர், வின்சென்ட் வாரன் ஆகிய பாலே கலைஞர்கள் கரிய அரங்கில் வெண்ணிற உடையில் ஆட, பின்புறமிருந்து மட்டும் ஒளி பாய்ச்சப்பட்டதால் அவர்களின் உடல் விளிம்புகள் மட்டுமே தெரிந்தன. பின்னர் அதே காட்சி சில சட்டங்கள் பிந்திப் பிந்தி ஒரே சுருளில் 11 முறை வரை அச்சிடப்பட்டது. இதனால் ஒவ்வோர் அசைவும் தான் கடந்துவந்த பாதையைப் பின்னால் விட்டுச் செல்வது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

சீனாவும் இந்தியாவும்

1949 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பின் சார்பில் மெக்லாரன் சீனாவுக்குச் சென்றார். சிச்சுவான் பகுதியிலுள்ள பெய்பெய் என்னும் ஊரில், கிராமத்தினருக்கு நலவாழ்வுச் செய்திகளைப் படங்கள் வழியாக எடுத்துரைக்க உள்ளூர் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். விலை உயர்ந்த கருவிகள் தேவைப்படாத இவரது முறைகள் அங்குப் பெரிதும் பயன்பட்டன. அவர் அங்கிருந்தபோதே சீனாவில் ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது. 1950களில் இந்தியாவிலும் யுனெஸ்கோவின் பயிற்சித் திட்டத்தில் பங்கேற்றார்.

அயலவர்

சீனாவிலிருந்து மெக்லாரன் நாடு திரும்பிய 1950 ஆம் ஆண்டில் கொரியப் போர் மூண்டது. கனடாவும் அப்போரில் பங்கேற்றது. தாம் நேரில் கண்டு நேசித்த மக்கள் ஒருபுறமும், தாம் வாழும் நாடு மறுபுறமும் நிற்க, அவர் மனம் வருந்தினார். அயலவர் படம் இந்த மனநிலையில் உருவானதாகும்.

இதன் கதை மிக எளியது. அருகருகே வாழும் இருவர் நட்புடன் இருக்கின்றனர். இருவரது நிலத்தின் எல்லையில் ஒரு பூ மலர்கிறது. அதன் மணத்தில் இருவரும் மகிழ்கின்றனர். பின்னர் அப்பூ யாருக்குரியது என்ற பூசல் எழுகிறது. வேலி முளைக்கிறது. சண்டை முற்றி, ஒருவர் மற்றவரது வீட்டையும் மனைவியையும் குழந்தையையும் தாக்கி அழிக்கின்றனர். பூவும் அவர்களின் காலடியில் மிதிபடுகிறது. இறுதியில் இருவரும் இறந்து, இரு கல்லறைகள் மட்டும் எஞ்சுகின்றன. அயலாரை நேசிக்க வேண்டும் என்ற அறிவுரை பல மொழிகளில் தோன்றிப் படம் முடிகிறது. கிராண்ட் மன்ரோவும் சான்-பால் லாதுசேரும் அவ்விருவராக நடித்தனர். வோல்ஃப் கோனிக் ஒளிப்பதிவு செய்தார்.

தொடக்கத்தில் நகைச்சுவையாகத் தோன்றும் பிக்சிலேசன் அசைவு, சண்டை முற்ற முற்ற அச்சமூட்டுவதாக மாறுகிறது. தம் விருப்பின்றி எதனாலோ ஆட்டுவிக்கப்படும் பொம்மைகளாக அம்மனிதர்கள் தோன்றுகின்றனர். சொல்லவந்த கருத்துக்கு நுட்பமே துணைநிற்பதற்கு இப்படம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இப்படம் 1953 ஆம் ஆண்டில் சிறந்த குறும் ஆவணப்படம் என்னும் பிரிவில் அகாதமி விருது பெற்றது. இது ஆவணப்படம் அன்று என்பதால் இந்த வகைப்பாடு இன்றும் வியப்புடன் பேசப்படுகிறது. பெண்களும் குழந்தைகளும் தாக்கப்படும் காட்சி மிகக் கொடூரமானது என்ற எதிர்ப்பு எழுந்ததால், வெளியீட்டின்போது அது நீக்கப்பட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் மக்களின் கருத்து மாறியபோது, அக்காட்சியை மீண்டும் சேர்க்குமாறு மெக்லாரனிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. அதன் மூல எதிர்ச்சுருள் அழிந்துவிட்டமையால், தரம் குறைந்த படி ஒன்றிலிருந்து அது எடுத்துச் சேர்க்கப்பட்டது. தம் படங்கள் அனைத்தும் அழிந்து ஒன்று மட்டுமே எஞ்சுமானால் அது அயலவராக இருக்க வேண்டும் என்று மெக்லாரன் விரும்பினார்.

இயக்கம் பற்றிய கொள்கை

அசைவூட்டம் என்பதை அசையும் ஓவியங்களின் கலை என்று கொள்ளாமல், ஓவியமாக்கப்பட்ட அசைவின் கலை என்று கொள்ளவேண்டும் என மெக்லாரன் கருதினார். ஒரு சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஒரு சட்டத்திற்கும் அடுத்த சட்டத்திற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பதே முதன்மையானது என்பது அவரது கொள்கை. அழகாக வரையத் தெரிந்த ஒருவரின் படம் உயிரற்றதாகவும், ஒரு புள்ளியை மட்டும் வைத்துச் செய்த படம் உயிருள்ளதாகவும் அமைவதன் காரணம் இதுவே என்பதை அவருடைய படங்கள் காட்டுகின்றன.

இக்கொள்கையை மாணவர்களுக்கு விளக்கும் பொருட்டு, கிராண்ட் மன்ரோவுடன் இணைந்து அசைவூட்ட இயக்கம் (அனிமேட்டட் மோசன், 1976–1978) என்னும் ஐந்து பகுதிகள் கொண்ட பாடத் தொடரை உருவாக்கினார். அதில் வட்டமான சிறு தட்டு ஒன்றின் அசைவைக் கொண்டே எல்லாம் விளக்கப்படுகிறது. இயக்கம் அதில் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது:

சீரான இயக்கம்: ஒவ்வொரு சட்டத்திலும் பொருள் சம தொலைவு நகர்வது.
முடுக்கம்: ஒவ்வொரு சட்டத்திலும் நகரும் தொலைவு கூடிக்கொண்டே செல்வது.
ஒடுக்கம்: நகரும் தொலைவு குறைந்துகொண்டே வருவது.
சுழிய இயக்கம்: பொருள் அசையாமல் நிற்பது.
ஒழுங்கற்ற இயக்கம்: நகரும் தொலைவு முன்னறிய முடியாதவாறு மாறுவது.

எடுத்துக்காட்டாக, ஒரு புள்ளி 144 மி.மீ தொலைவை அரை நொடியில், அதாவது 12 நகர்வுகளில் கடப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நகர்வும் 12 மி.மீ எனில் அது சீரான இயக்கம். இயந்திரம் நகர்வது போல் தோன்றும். முதல் நகர்வு 1 மி.மீ, அடுத்தது 3, அதற்கடுத்தது 5 என வளர்ந்து இறுதி நகர்வு 23 மி.மீ ஆகுமாறு அமைத்தாலும் மொத்தம் 144 மி.மீ தான். ஆனால் இப்போது புள்ளி கையிலிருந்து நழுவி விழும் கல்லைப் போல் தோன்றும். இதே எண்களைத் தலைகீழாக வைத்தால், மேலே எறியப்பட்ட கல் உச்சியை நெருங்கும்போது தளர்வது போல் தோன்றும். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகிய மூன்றும் மாறவில்லை. இடைவெளிகளின் பங்கீடு மட்டுமே மாறியுள்ளது.

இன்றைய மென்பொருள்களில் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் குறித்துவிட்டால் இடையிலுள்ள சட்டங்களைக் கணினியே நிரப்பிவிடுகிறது. அவ்வாறு சம இடைவெளியில் நிரப்பப்பட்ட அசைவில் எடையும் உயிரும் இல்லாமற் போவதைப் பயில்வோர் காணலாம். ஈசிங் எனப்படும் வேகமாற்ற வளைகோடுகள் மென்பொருள்களில் இடம்பெற்றிருப்பது இக்குறையை நீக்கவே. மெக்லாரன் எண்களால் எழுதிக் காட்டிய அதே பங்கீட்டை அவ்வளைகோடுகள் படமாகக் காட்டுகின்றன.

தம் படங்கள் ஒவ்வொன்றும் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை மெக்லாரன் தொழில்நுட்பக் குறிப்புகளாக எழுதிவைத்தார். எவ்வகைச் சுருள், எவ்வகை மை, எத்தனை சட்டங்கள், எங்கே பிழை நேர்ந்தது என்பன போன்ற விவரங்கள் அவற்றில் உள்ளன. கேமரா இல்லாத அசைவூட்டம் பற்றி அவர் எழுதிய சிறு வழிகாட்டியைத் திரைப்பட வாரியம் வெளியிட்டது. கண்டுபிடிப்புகளைத் தொழில் இரகசியமாகக் காத்துக்கொள்ளும் வழக்கம் நிலவிய ஒரு துறையில் இது அரிய செயலாகும்.

விருதுகளும் சிறப்புகளும்

1953: அயலவர் படத்திற்கு அகாதமி விருது.
1955: சிமிட்டல் படத்திற்குக் கான் திரைப்பட விழாவில் குறும்படத்திற்கான தங்கப் பனை விருது.
1956: ரித்மெடிக் படத்திற்குப் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது.
1969: இருவர் நடனம் படத்திற்குப் பிரித்தானிய அகாதமி விருது.
1973: கனடாவின் உயர்ந்த குடிமக்கள் விருதான ஆர்டர் ஆஃப் கனடாவில் கம்பானியன் நிலை.
2009: அயலவர் படம் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இறுதிக்காலமும் தாக்கமும்

கிரேக்கத் தொன்மக் கதையை அடிப்படையாகக் கொண்ட நார்சிசசு (1983) இவரது இறுதிப் படமாகும். 1980களின் நடுப்பகுதியில் பணி ஓய்வு பெற்ற மெக்லாரன், 1987 சனவரி 27 அன்று கியூபெக் மாகாணத்தில் தமது 72 ஆம் அகவையில் காலமானார். மொண்ட்ரியாலில் இருந்த திரைப்பட வாரியத்தின் தலைமையகக் கட்டடத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டிருந்தது. அவரது வாழ்க்கையையும் படைப்பு முறையையும் பற்றி டொனால்டு மெக்வில்லியம்ஸ் எடுத்த ஆவணப்படம் 1990 ஆம் ஆண்டில் வெளியானது.

மெக்லாரனின் செல்வாக்கு அவரது மாணவர்களுடன் நின்றுவிடவில்லை. அவரால் ஊக்குவிக்கப்பட்ட ரயன் லார்க்கின் இயக்கிய நடத்தல் (வாக்கிங், 1968) என்னும் படம் அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிக்சிலேசன் முறை 1980கள் முதல் இசைக் காணொளிகளிலும் விளம்பரங்களிலும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. படச்சுருளின் பயன்பாடு பெரிதும் அருகிவிட்ட காலத்திலும், அதன் மீது கீறியும் வரைந்தும் படமெடுக்கும் பயிற்சியைக் கலைப் பள்ளிகள் பல மாணவர்களுக்கு அளிக்கின்றன. கருவி எளியதாக இருப்பினும் கால இடைவெளியைக் கையாளத் தெரிந்தவரால் சிறந்த படைப்பைத் தரமுடியும் என்பதற்கு மெக்லாரனின் வாழ்க்கை எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

தேர்ந்தெடுத்த படங்கள்

ஹெல் அன்லிமிடெட் (1936) – ஹெலன் பிகருடன்
காதல் சிறகு (1938) – சுருளில் மையால் வரைந்தது
புள்ளிகள் (1940) – படமும் ஒலியும் வரையப்பட்டவை
கோழியின் துள்ளல் (1942) – சுருளில் மையால் வரைந்தது
சாம்பல் கோழி (லா பூலெத் கிரீசு, 1947) – ஒரே ஓவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றி எடுத்தது
சோர்வே அகல்க (1949) – ஈவ்லின் லாம்பார்ட்டுடன்
அயலவர் (1952) – பிக்சிலேசன்
சிமிட்டல் (1955) – கரிய சுருளில் கீறியது
ரித்மெடிக் (1956) – ஈவ்லின் லாம்பார்ட்டுடன். தாளில் வெட்டிய எண்கள்
நாற்காலிக் கதை (1957) – கிளாடு யூத்ராவுடன்
செங்குத்துக் கோடுகள் (1960) – ஈவ்லின் லாம்பார்ட்டுடன்
இருவர் நடனம் (1968) – ஒளியியல் அச்சு முறை
சின்குரோமி (1971) – ஒலித்தடமே படமானது
அசைவூட்ட இயக்கம் (1976–1978) – கிராண்ட் மன்ரோவுடன், பாடத் தொடர்
நார்சிசசு (1983) – இறுதிப் படம்